ரசம் குடித்தால் சோறு செரிக்காதா? மகளின் பரிசோதனையில் நாங்கள் அளக்க மறந்த ஒன்று

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். குசினி மேசை முழுக்கச் சின்னச் சின்னக் கிளாஸ்கள். நடுவில் ஒரு வெள்ளைத் தட்டு, அதில் வரிசை வரிசையாக அயோடின் துளிகள். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் என் மகள் கொப்பியை மூடிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னாள்:

"அம்மம்மா, உங்கட ரசம் சாப்பாட்டைச் செரிக்க விடாது. நான் மூன்று தரம் செய்து பார்த்திட்டன்."

அடுப்படியில் நின்ற என் அம்மா திரும்பிப் பார்த்தார். "சோத்துக்குப் பிறகு ஒரு வாய் ரசம் குடி, செரிக்கும்" என்று எனக்குத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவருபவர். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அப்ப ரசம் குடிச்சா சோறு சீனியா மாறாதோ? எனக்கு நல்லதுதானே பிள்ளை?"

அம்மாவுக்குப் பத்து வருஷமாக நீரிழிவு. காலையும் இரவும் குளிசை போடுகிறார். அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போய்விட்டது: பேத்தி விஞ்ஞான முறையில் கண்டுபிடித்திருக்கிறாள், சோற்றோடு ரசம் குடித்தால் சீனி ஏறாது. பெரியம்மாவுக்கும் நீரிழிவுதான். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவின் குளிசைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். திங்கட்கிழமை இரவுக் குளிசை அப்படியே கிடந்தது.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பிள்ளை செய்த சின்னப் பரிசோதனை. அதில் ஒரு எண்ணை அளக்காமல் விட்டதால் வீட்டில் ஒரு குளிசை தவறிப் போனது. அந்த எண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் பிஎச்.

அவள் என்ன செய்தாள்?

பரிசோதனை எளிமையானது. நம் உமிழ்நீரில் அமிலேஸ் என்ற நொதியம், அதாவது என்சைம், இருக்கிறது. சோறு, பாண், கிழங்கு ஆகியவற்றில் உள்ள மாப்பொருளை அது சிறு சிறு சீனித் துண்டுகளாக உடைக்கும். சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் இனிக்கத் தொடங்குமே, அது இந்த அமிலேஸின் வேலை.

மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க அயோடின் போதும். மாப்பொருள் இருந்தால் கருநீலம். அது உடைந்து தீர்ந்துவிட்டால் அயோடினின் சொந்த மஞ்சள் பழுப்பு நிறமே இருக்கும். ஆகவே கஞ்சியில் உமிழ்நீரைக் கலந்து, அரை நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து அயோடினில் விட்டுப் பார்த்தால், எத்தனை நிமிடத்தில் மாப்பொருள் தீர்ந்தது என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தில் ஜிசிஎஸ்ஈ உயிரியல் படித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இதே முறையை வகுப்பில் செய்திருக்கக்கூடும்.

மகள் இரண்டு கிளாஸ் எடுத்தாள். இரண்டிலும் ஒரே அளவு சோளமாக் கஞ்சி, ஒரே அளவு தன் உமிழ்நீர். ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், மற்றதில் ஒரு மேசைக்கரண்டி வடித்த ரசம். சூடு நொதியத்தைக் கெடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ரசத்தை ஆறவிட்டு, இரண்டு கிளாஸையும் 37 பாகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தாள். தண்ணீர்க் கிளாஸில் நாலு நிமிடத்தில் கருநீலம் போய்விட்டது. ரசக் கிளாஸில் இருபது நிமிடமாகியும் போகவில்லை. மூன்று தரம் செய்தும் அதே கதை.

கவனமான வேலைதான். அளவு சரி, வெப்பநிலை சரி, திரும்பத் திரும்பச் செய்திருக்கிறாள். நானும் பார்த்துவிட்டு "வெரி குட்" என்றேன். பிழை எனக்கும் தெரியவில்லை.

ரீச்சர் எழுதிய ஒரு வரி

கண்காட்சிக்கான சுவரொட்டியின் முதல் வரைவை ரீச்சரிடம் காட்டியிருந்தாள். புதன்கிழமை அது திரும்பி வந்தது. "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்பதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: "ரசத்தின் பிஎச் என்ன? தண்ணீரின் பிஎச் என்ன?"

மகளுக்கு முகம் வாடிவிட்டது. "இது அமிலம் பற்றின புரொஜெக்ட் இல்லையே அம்மா, ரசம் பற்றினதுதானே" என்றாள். ஆனாலும் சனிக்கிழமை பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கினோம். தண்ணீரில் தோய்த்தால் 7க்குப் பக்கத்து நிறம். ரசத்தில் தோய்த்தால் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட நிறம்.

ரசம் புளிக்கும் என்பது நம் நாக்குக்கு எப்போதோ தெரியும். புளியில் தார்த்தாரிக் அமிலம் இருக்கிறது. ஆனால் நாக்குக்குத் தெரிந்ததைக் கொப்பியில் எழுதவில்லை. இரண்டு கிளாஸுக்கும் இடையில் ரசம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்தோம். ரசம் என்பது ஒரு பொருள் இல்லை. அதில் மிளகு இருக்கிறது, சீரகம் இருக்கிறது, உள்ளி இருக்கிறது, உப்பு இருக்கிறது, புளிப்பும் இருக்கிறது. இவற்றில் எது நொதியத்தை நிறுத்தியது?

பியர் ஆலையில் பிறந்த அளவுகோல்

பிஎச் என்பது ஒரு திரவத்தில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்லும் எண். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதில் பெரியவர்களுக்கும் அடிக்கடி தவறிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 7இலிருந்து 4க்கு இறங்கினால் 1,000 மடங்கு. 3க்கு இறங்கினால் 10,000 மடங்கு. எங்கள் ரசக் கிளாஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. "கொஞ்சம் புளிப்பு" என்று நாக்கு சொன்னதை நொதியம் ஆயிரக்கணக்கான மடங்கு மாற்றமாக உணர்ந்திருக்கிறது.

இந்த அளவுகோலை 1909ஆம் ஆண்டில் தந்தவர் சோரன் சோரன்சன் என்ற டென்மார்க் இரசாயன அறிஞர். அவர் வேலை செய்த இடம் கோப்பன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடம். ஆமாம், பியர் போத்தலில் பார்க்கும் அதே கார்ல்ஸ்பெர்க். அந்த ஆலையை நிறுவியவரே 1875இல் ஆய்வுகூடத்தையும் தொடங்கிவைத்தார். பியர் காய்ச்சுவது முழுக்க நொதியங்களின் வேலை.

சோரன்சன் ஆராய்ந்ததும் நொதியங்களைத்தான். எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது, கடைசியில் அந்தத் திரவத்தில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி நிற்கிறது என்பதே நொதியத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். அதாவது பிஎச் என்ற சொல்லே இப்படியான ஒரு நொதியச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததுதான். என் மகள் இடறி விழுந்த கல்லில் உலகம் நூறு வருஷத்துக்கு முன்னரே இடறியிருக்கிறது என்று சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நொதியத்துக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?

நொதியம் ஒரு புரதம். நீளமான நூலை ஒரு குறிப்பிட்ட விதமாக மடித்து வைத்தது போல அதன் உருவம். அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவற்றில் முக்கியமானவை புரதத்தின் மேல் இருக்கும் நேர், எதிர் மின்னேற்றங்கள். ஹைட்ரஜன் அயனி நேர் மின்னேற்றம் உள்ளது. அது கூடினால் புரதத்தில் போய் ஒட்டி மின்னேற்றங்களை மாற்றிவிடும். வேலை நடக்கும் இடத்தின் வடிவம் குலையும். மாப்பொருள் வந்து பொருந்த இடம் இருக்காது. மாற்றம் அதிகமானால் மடிப்பே அவிழ்ந்துவிடும்.

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரைவதும் இந்தக் குடும்பத்து விஷயம்தான். பிஎச் 4.6க்குப் பக்கத்தில் வரும்போது பாலின் கேசின் புரதங்கள் ஒன்றையொன்று தள்ளிவைக்கும் மின்னேற்றத்தை இழந்து கட்டியாகச் சேர்கின்றன. தயிர் உறைவதும் அப்படியே, அங்கே அமிலத்தைத் தருவது பக்டீரியா.

ஒவ்வொரு நொதியத்துக்கும் தனக்குப் பிடித்த பிஎச் உண்டு. உமிழ்நீர் அமிலேஸுக்கு 7க்குச் சற்றுக் கீழே. இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சினுக்கு 2க்குப் பக்கத்தில். சிறுகுடலில் வேலை செய்யும் ட்ரிப்சினுக்கு 8க்குப் பக்கத்தில். ஒன்றின் வீட்டில் மற்றது வாழாது. ஆகவே அமிலேஸை 3க்கும 4க்கும் இடையில் கொண்டுபோய் விட்டால் அது வேலை செய்யாது. அந்த அமிலம் ரசத்திலிருந்து வந்தாலென்ன, வினிகரிலிருந்து வந்தாலென்ன.

மறுபடியும் முதலிலிருந்து

இரண்டாவது ஞாயிறு. இம்முறை மகள் கிளாஸ்களுக்கு இலக்கமிட்டாள்.

முதலாவதில் தண்ணீர். இரண்டாவதில் ரசம். மூன்றாவதில் ரசமே இல்லை, தண்ணீரில் வினிகர் சொட்டு சொட்டாக விட்டு, பிஎச் தாள் ரசத்தின் நிறத்தையே காட்டும்வரை புளிக்க வைத்தது. நாலாவதில் ரசம், ஆனால் உமிழ்நீர் சேர்ப்பதற்கு முன்னரே அப்பச்சோடா சிறிது சிறிதாகப் போட்டு 7க்குக் கொண்டுவந்தது. அப்பச்சோடா போட்டதும் நுரை பொங்கி வழிந்தது. அமிலமும் பைகார்பனேற்றும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. முதல் தரம் அவசரப்பட்டுக் கூடப் போட்டதால் தாள் 8ஐத் தாண்டிவிட்டது. அதை ஊற்றிவிட்டுத் திரும்பச் செய்தாள்.

ஐந்தாவதும் ஆறாவதும் உமிழ்நீர் இல்லாத கிளாஸ்கள். ஒன்றில் கஞ்சியும் புளித்த ரசமும், மற்றதில் கஞ்சியும் நடுநிலை ரசமும். ரசமே அயோடினின் நிறத்தை அழித்துவிடுகிறதா என்று பார்க்க இவை வேண்டும். உமிழ்நீரில் இயற்கையாகவே பைகார்பனேற்று இருப்பதால், எல்லாவற்றையும் கலந்த பிறகும் ஒரு தரம் பிஎச் பார்த்து எழுதினாள். சோரன்சன் சொன்னது அதுதானே: ஊற்றியதை அல்ல, நிற்பதை அள.

விளைவு: தண்ணீர்க் கிளாஸ் முன்னைப் போல நாலு நிமிடம். ரசக் கிளாஸ் இருபது நிமிடமாகியும் கருநீலம். ரசமே இல்லாத வினிகர்க் கிளாஸும் இருபது நிமிடமாகியும் கருநீலம். நடுநிலையாக்கிய ரசம் மூன்றரை நிமிடத்தில் தெளிந்துவிட்டது. உமிழ்நீர் இல்லாத இரண்டும் அசையவில்லை.

"அப்ப நான் ரசத்தை ரெஸ்ற் பண்ணேல்லை அம்மா. புளிப்பைத்தான் ரெஸ்ற் பண்ணியிருக்கிறன்" என்றாள். ஒரு கிழமையாக நான் சொல்ல முயன்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

ஆனால் நடுநிலை ரசம் ஏன் தண்ணீரைவிட அரை நிமிடம் முந்தியது? அங்கே இன்னொரு பாடம் இருந்தது. அமிலேஸ் நன்றாக வேலை செய்யக் குளோரைட்டு அயனி வேண்டும். ரசத்தில் உப்பு இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் அவ்வளவு இல்லை. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஏழாவது கிளாஸ் வைத்தோம். அதுவும் மூன்றரை நிமிடத்துக்கு வந்தது. ஒன்றைக் கட்டுப்படுத்தினால் அதன் பின்னால் நின்ற அடுத்தது தெரியவருகிறது.

நிறத்தை நம்பலாமா?

கண்காட்சிக்கு எலுமிச்சம்பழத்தையும் சேர்க்க அவளுக்கு ஆசை. அங்கே வேறொரு பொறி இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள விட்டமின் சி அயோடினோடு நேரடியாகத் தாக்கம் புரிந்து அதன் நிறத்தை இல்லாமல் செய்துவிடும். உமிழ்நீரே இல்லாமலும் கருநீலம் மறையும். பார்ப்பவர் "எலுமிச்சை சோற்றை உடனே செரிக்க வைக்கிறது" என்று எழுதிவிடுவார். ரசத்தில் செய்த பிழைக்கு நேர் எதிர்ப் பிழை. கடும் காரத்திலும் அயோடின் தன் நிறத்தை இழக்கும்.

எலுமிச்சைச் சாறு இப்படி ஏமாற்றிய கதை பழையது. 1930களில் கலிபோர்னியாவின் எலுமிச்சைத் தொழிலில் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க முடியாமல் தவித்தார்கள். சாறு கெடாமலிருக்கச் சேர்த்த சல்பர் டயொக்சைட் லிட்மஸின் நிறத்தையே வெளுத்துவிட்டது. அங்கே வேலை செய்த ஒருவர், உடன்படித்த நண்பர் ஆர்னல்ட் பெக்மனிடம் உதவி கேட்டார். நிறத்தை நம்பாமல் மின்னழுத்தத்தை அளந்து பிஎச் காட்டும் கருவி ஒன்றை பெக்மன் 1934இல் செய்துகொடுத்தார். இன்று உயிரியல் ஆய்வுகூடங்களில் மேசைக்கு மேசை இருக்கும் பிஎச் மீற்றரின் தொடக்கம் அது.

நம் வீட்டிலும் நிறம் மாறிப் பார்த்திருப்பீர்கள். கறி சிந்திய சட்டையில் சவர்க்காரம் போட்டதும் மஞ்சள் கறை சிவக்குமே, அது மஞ்சள் காரத்தைக் கண்டுகொண்ட அடையாளம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அதனால்தான். ஆனால் மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும். புளிப்புக்கும் நடுநிலைக்கும் வித்தியாசம் சொல்லாது.

ஆய்வுகூடங்களில் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?

பிஎச்சை ஒரு தரம் சரிசெய்தால் மட்டும் போதாது, பரிசோதனை முடியும்வரை அது நகராமல் நிற்க வேண்டும். உயிருள்ளவை ஓயாமல் அமிலம் வெளிவிடுகின்றன. அதனால் பஃபர் என்னும் தாங்கற்கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். சிறிது அமிலம் வந்தால் உறிஞ்சிக்கொள்ளும், சிறிது காரம் வந்தாலும் சமாளிக்கும். நோர்மன் குட் என்பவரும் அவருடைய சகாக்களும் உயிரியலுக்கென்றே பொருத்தமான பஃபர்களைத் தேடி 1966இல் வெளியிட்டார்கள். "குட்ஸ் பஃபர்" என்று இன்றும் அவருடைய பெயரிலேயே அவற்றை அழைக்கிறார்கள்.

பஃபர் போட்டும் ஏமாறலாம். டிரிஸ் என்ற மிகப் பிரபலமான பஃபரை அறை வெப்பநிலையில் 8.0க்குச் சரிசெய்து குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோனால் அது ஏறத்தாழ 8.6 ஆகிவிடும். போத்தலின் மேல் எழுதிய எண் மாறாது, உள்ளே இருப்பது மாறிவிடும். அதனால்தான் எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதையும் எழுதுவார்கள்.

மனித உயிரணுக்களை வளர்க்கும் திரவம் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். ஃபீனோல் ரெட் என்ற நிறங்காட்டி அதில் கலந்திருக்கிறது. மஞ்சளானால் அமிலம் சேர்ந்துவிட்டது, ஊதா கலந்த இளஞ்சிவப்பானால் காரம் கூடிவிட்டது. ஆய்வாளர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான். அந்த உயிரணுக்கள் கேட்பது நம் இரத்தத்தின் பிஎச்சான 7.4ஐ. அதைத் தாங்கிப் பிடிக்க, பெட்டியினுள் காற்றில் 5 சதவீதம் காபனீரொட்சைட்டு வைத்து, திரவத்தில் பைகார்பனேற்றும் சேர்க்கிறார்கள். எங்கள் குசினியில் நுரைத்த அதே சோடிதான்.

வாட்ஸ்அப்பில் வரும் எலுமிச்சம்பழம்

2020இல் உங்கள் குடும்பக் குழுவுக்கும் ஒரு செய்தி வந்திருக்கும். கொரோனா வைரசின் பிஎச் இவ்வளவு, அதைவிடக் கூடிய பிஎச் உள்ள உணவைச் சாப்பிட்டால் வைரஸ் செத்துவிடும், எலுமிச்சையின் பிஎச் 9.9, அவகாடோவின் பிஎச் 15.6 என்று. எங்கள் குழுவுக்கு மூன்று மாமாமாரிடமிருந்து வந்தது. பிஎச் தாள் ஒன்றை எலுமிச்சையில் தோய்த்திருந்தால் போதும், 2க்கும் 3க்கும் இடையில் காட்டியிருக்கும். பிஎச் என்பது திரவத்துக்கு உரிய அளவு, வைரசுக்கென்று தனியாக ஒரு பிஎச் கிடையாது.

"இந்தச் சாறு ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றது" என்று வரும் செய்திகளிலும் எங்கள் ரசப் பிழை ஒளிந்திருக்கக்கூடும். புளித்த எந்தச் சாற்றையும் போதிய அளவு ஊற்றினால் தட்டில் வளரும் உயிரணுக்கள் சாகும், நல்லதும் சாகும் கெட்டதும் சாகும். பிஎச்சை ஒரே அளவில் வைத்துச் செய்தார்களா என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அந்தச் செய்தியை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

உடம்பு அந்தத் தட்டு அல்ல. நாம் என்ன சாப்பிட்டாலும் நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து இரத்தத்தின் பிஎச்சை 7.35க்கும் 7.45க்கும் இடையில் வைத்திருக்கின்றன. அந்த எல்லை எவ்வளவு ஒடுக்கமானது என்பதற்கு நீரிழிவே சாட்சி. இன்சுலின் போதாமல் கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் சேர்ந்து பிஎச் 7.3க்குக் கீழே போனால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே ஓடவேண்டிய நிலை.

அம்மாவின் குளிசை

தவறிப்போன குளிசையைக் கண்ட செவ்வாய்க்கிழமையே அம்மாவிடம் பேசினேன். "மகளின் கிளாஸ் வேறு, உங்கட வயிறு வேறு. டொக்டர் சொல்லாமல் ஒரு குளிசையும் விடக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்குப் பிறகு மகளே விளக்கினாள், சுவரொட்டித் தாளின் பின்பக்கத்தில் குடலைப் படமாகக் கீறி.

வாயில் அமிலேஸ் வேலையைத் தொடங்குகிறது. இரைப்பையின் பிஎச் ஏறக்குறைய 1.5 முதல் 3.5 வரை. அந்த அமிலம் சாப்பாட்டு உருண்டைக்குள் ஊறும்வரை உமிழ்நீர் அமிலேஸ் உள்ளே வேலை செய்யும், பிறகு நின்றுவிடும். ரசம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த இடம் அமிலம்தான். அடுத்தது சிறுகுடல். கணையம் பைகார்பனேற்றை ஊற்றி அமிலத்தைத் தணிக்கிறது, கூடவே தன் சொந்த அமிலேஸையும் அனுப்புகிறது. மாப்பொருளின் பெரும்பகுதி உடைவது அங்கேதான். அப்பச்சோடா போட்டு ரசத்தை 7க்குக் கொண்டுவந்தாளே, உடம்பு அதை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தானே செய்கிறது.

அம்மா கவனமாகக் கேட்டார். பிறகு தொலைபேசியை எடுத்தார். "அக்கா, அண்டைக்குச் சொன்னன் எல்லோ, அது பிழையாம். நீ குளிசையை விட்டிடாதை" என்று பெரியம்மாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. விட்டுப்போன குளிசை பற்றி அடுத்த கிளினிக்கில் தாதியிடமும் சொன்னோம்.

நம் வீட்டில் செய்வதென்றால்

சோளமா, அயோடின், பிஎச் தாள் போதும். பிஎச் தாள் 1 முதல் 14 வரை காட்டுவதாக இருக்கட்டும். மீன்தொட்டிக்கு விற்பவை பெரும்பாலும் நடுப்பகுதியை மட்டுமே காட்டும். தாள் இல்லாவிட்டால் ஊதாக் கோவாவை அவித்த தண்ணீர் உதவும். அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, காரத்தில் நீலமும் பச்சையும்.

ஒருவர் தன் உமிழ்நீரை மட்டுமே பாவிக்க வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவுங்கள். அயோடின் கறை பிடிக்கும், வாய்க்குள் போகக்கூடாது, சின்னப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். சோதித்த ரசத்தையோ கஞ்சியையோ யாரும் குடிக்க வேண்டாம்.

விஞ்ஞானம் படிக்காத பெற்றோர்கூடக் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. நீ மாற்றியது தவிர வேறு என்ன மாறியது? நீ தேடும் பொருள் இல்லாமலே இதே விளைவு வருமா? தொடக்கத்தில் அளந்தது முடிவிலும் அப்படியே இருக்கிறதா? விடை நமக்குத் தெரியவேண்டியதில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் செய்த பிழை விடை தெரியாதது அல்ல, கேட்காமல் "வெரி குட்" சொன்னது.

முதல் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் ஒட்டலாமா என்று மகள் கேட்டாள். இரண்டையும் ஒட்டச் சொன்னேன். "நான் நினைத்தது", "உண்மையில் அளந்தது" என்று தலைப்புப் போட்டு அருகருகே ஒட்டினாள். கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் அதிக நேரம் நின்று பார்த்தது முதல் வரைபடத்துக்கு முன்னால்தான்.

அன்று அம்மாவும் சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் காரின் பின்சீற்றில் இருந்து கேட்டார்:

"எல்லாம் சரி குஞ்சு, அப்ப ரசம் செரிமானத்துக்கு நல்லதோ, கூடாதோ?"

"அம்மம்மா, அதை நான் இன்னும் அளக்கேல்லை."